மிகவும் நல்ல எண்

மார்ச் மாதம் பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஏழு நாற்பது. இரவெல்லாம் தூறி ஓய்ந்த மழையின் ஈரம் ஆய்வகத்தின் சன்னல் கண்ணாடியில் படிந்திருந்தது. வெளியே காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. ஆய்வகப் பொறுப்பாளர் மேலங்கியின் பொத்தான்களைக்கூடப் போடாமல் கணினியின் முன் உட்கார்ந்து, முந்தின மாலை தான் கையெழுத்திட்டு அனுப்பிய அறிக்கையை மறுபடியும் திறந்தாள்.

எண் நன்றாக இருந்தது. அளவுக்கு மீறி நன்றாக இருந்தது. இரவு பாத்திரம் கழுவும்போது தோன்றிய உறுத்தல் விடிந்தும் போகவில்லை.

சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் சுவர்களில் உள்ள செல்களுக்குள் ஒரு நொதி இருக்கிறது. அதன் முழுப்பெயரை ஒரே மூச்சில் சொல்ல அந்த ஆய்வகத்தில் அவள் ஒருத்தியால்தான் முடியும். மற்றவர்களுக்கு அது என்.ஏ.ஜி. இரத்தத்தில் இருக்கும் அதே நொதி, வடிகட்டியைத் தாண்டிச் சிறுநீருக்கு வர முடியாத அளவு பெரியது. ஆகவே சிறுநீரில் அது மிகுந்து காணப்பட்டால், குழாயின் சுவர் காயம்பட்டு உள்ளே இருந்தது கசிந்திருக்கிறது என்று பொருள். கல் உராய்ந்தாலும் கசியும்; அந்தக் கல்லை வெளியிலிருந்து அதிர்வலையால் அடித்து நொறுக்கினாலும் சில நாட்களுக்குக் கசியும். காயம் ஆறினால் குறையும். ஆறாத காயத்தின்மேல் மீண்டும் அடிக்கலாகாது என்பது இந்த மருத்துவமனையின் கல் சிகிச்சைப் பிரிவுத் தலைவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. பல மருத்துவமனைகளில் இந்த அளவீடே கிடையாது.

அறிக்கைக்குரிய நோயாளி அவளுடைய தம்பி. துறைமுகத்தில் கண்டெய்னர் இறக்கும் கிரேனை ஓட்டுபவன். பிறவியிலேயே ஒற்றைச் சிறுநீரகம். கல் வந்து ஸ்கேன் படம் எடுத்தபோதுதான் அது தெரிந்தது. மூன்று வாரங்களுக்கு முன் முதல் அதிர்வலைச் சிகிச்சை நடந்தது. கல் உடைந்து பெரும்பகுதி வெளியேறிவிட்டது. ஒரு துண்டு மட்டும் சிறுநீரகத்தின் அடிப்பகுதியில் தங்கிவிட்டது. அது எதையும் அடைக்கவில்லை, வலிக்கவும் இல்லை. ஆனால் உயரத்தில் வேலை செய்பவனின் உடலில் கல் இருக்கலாகாது என்பது துறைமுக விதி. மேலே அவன் வலியில் சுருண்டால் கீழே நிற்பவர்களின் கதி என்ன என்பது விதியை எழுதியவர்களின் கவலை, நியாயமான கவலைதான். வெள்ளிக்கிழமை துறைமுகத்தின் மருத்துவக் குழு கூடுகிறது. சிகிச்சை முடிந்த சான்றை அன்று காட்டாவிட்டால் அவன் இடத்தில் வேறொருவன் நிரந்தரமாக ஏறுவான். லாரியில் வெவ்வேறு மருத்துவமனைகளுக்குப் போய்வரும் அதிர்வலை இயந்திரம் வியாழக்கிழமை இங்கே வருகிறது. அதை விட்டால் அடுத்த மாதம்தான்.

தம்பியின் எண் ஏறத்தாழச் சுழியமாக இருந்தது. புதிய வினைப்பொருள் வரும்போதெல்லாம் அவள் தன் சிறுநீரையே அளந்து பார்ப்பது வழக்கம். கல்லும் காயமும் இல்லாத அவளுக்கே இதைப்போலப் பல மடங்கு இருக்கும். உயிருள்ள எந்தச் சிறுநீரகமும் இவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை.

இது நேற்று மாலையே அவளுக்குத் தோன்றியிருந்தது. தோன்றியதை ஒதுக்கினாள். கெட்ட எண் வந்தால் மறுபடி அளக்கச் சொல்வதும் நல்ல எண் வந்தால் நன்றி சொல்வதும் நோயாளிகளின் வழக்கம். ஆய்வகத்துக்கு அந்த வழக்கம் ஆகாது. நேற்று மாலை அவள் சிறிது நேரம் ஆய்வகமாக இல்லாமல் அக்காவாக இருந்துவிட்டாள்.

குளிர்பெட்டியைத் திறந்து, தம்பியின் பெயர் ஒட்டிய வெள்ளை மூடிப் புட்டியை எடுத்தாள். சோதனைத்தாளை அதில் நனைத்தாள். தாள் சிவந்தது. சிறுநீரில் சிவக்கும் சிவப்பன்று. அமிலத்தில் சிவக்கும் சிவப்பு.

கல் நோயாளிகளுக்கு இரண்டு புட்டிகள் தரப்படும். சிவப்பு மூடியிட்ட பெரிய புட்டி ஒரு முழு நாளின் சிறுநீருக்கு. சுண்ணச்சத்து அடியில் படிந்துவிடாமல் இருப்பதற்காக அதில் முன்கூட்டியே அமிலம் ஊற்றப்பட்டிருக்கும். வெள்ளை மூடியிட்ட சிறிய புட்டி மறுநாள் காலைச் சிறுநீருக்கு. அதில் ஒன்றும் இராது, இருக்கவும் கூடாது. அமிலம் பட்டால் நொதி செத்துவிடும். செத்த நொதியை அளக்கும் கருவி, நொதியே இல்லை என்று உண்மையாகவே சொல்லும்.

அந்த வாரத்தின் மற்ற வெள்ளை மூடிப் புட்டிகளும் அதே தட்டில் இருந்தன. ஒவ்வொன்றிலும் தாளை நனைத்தாள். தம்பியினுடையதைத் தவிர இன்னும் இரண்டு சிவந்தன.

அவள் தொலைபேசியை எடுத்தாள்.

"என்னக்கா, விடிஞ்சும் விடியாததுமா? பொறுப்பாளரம்மாவுக்கு ஆபீஸ்ல வேலை இல்லையா?"

"வெள்ளை மூடி பாட்டில்ல என்னடா ஊத்துன?"

"கேள்வியப் பாரு. அதுல பாலா ஊத்துவாங்க?"

"விளையாடாத. சிவப்பு மூடியில இருந்து எடுத்து ஊத்துனியா?"

மறுமுனையில் தட்டு ஒன்றை வைக்கும் ஓசை கேட்டது.

"ரிசல்ட் சூப்பர்னு நேத்து நீதானே போன் பண்ண? என் பொண்டாட்டி சந்தோஷத்துல பக்கத்து வீடு, எதிர் வீடுன்னு ஒன்னு விடாம சொல்லிட்டா. என் சிறுநீரோட பெருமை தெருவுக்கே தெரியும். இப்ப வந்து பால் ஊத்துனியா, பாயசம் ஊத்துனியாங்கிற."

"நான் கேட்டதுக்குப் பதில்."

"ஒரு மூடி. ஒரே ஒரு மூடி ஊத்துனேன். கெட்டுப்போகாம இருக்கும்னாங்க."

"யாரு சொன்னது?"

"சங்கத் தலைவர்."

சங்கத் தலைவர் என்பது கல் பிரிவின் காத்திருப்போர் கூடத்தில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்கு வழங்கிய பெயர். இரண்டு பக்கமும் மாறி மாறிக் கல் வளர்க்கும் உடம்பு அவருடையது. வெளியேறிய கற்களைத் தீப்பெட்டியில் வைத்துப் புதியவர்களுக்குக் காட்டுவார். சங்கம் என்று ஒன்றில்லை. ஆனால் அவர் கூடத்தில் இருக்கும் நாட்களில் இருப்பதுபோலவே தோன்றும். அவள் கீழே இறங்கியபோது அவர் பெஞ்சில் இருந்தவர்களை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"உள்ள தள்ளி உக்காருங்க, உள்ள தள்ளி. நடுவுல அவ்வளவு எடம் காலியா கெடக்கு. அம்மா நிக்கிறாங்க பாருங்க."

"நான் உக்கார வரல ஐயா. ஒன்னு கேக்கணும். வெள்ளை மூடி பாட்டில்ல நீங்க ஏதாவது கலக்குறது உண்டா?"

அவர் முகம் மலர்ந்தது. கண்டுபிடித்தவரிடம் கண்டுபிடிப்பைப் பற்றி யாரோ கடைசியில் கேட்டுவிட்டார்கள்.

"உண்டும்மா! கேளுங்க. வீட்டுல மருமக மூக்கைப் பொத்துனா. மாமா, இதை ஃப்ரிட்ஜ்ல வச்சீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னா. நான் பாத்தேன். சிவப்பு மூடியில நாத்தம் வரல, வெள்ளையில வருது. ஏன்? சிவப்புல மருந்து இருக்கு. அதுல ஒரு மூடி எடுத்து இதுல விட்டேன். நாத்தமும் போச்சு, நம்பரும் எறங்கிச்சு. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, நாத்தம்தான் நோயே. நம்ம ஆளுங்க சில பேருக்குச் சொன்னேன். அத்தனை பேருக்கும் எறங்கிச்சு. இந்தக் கைராசி எந்த டாக்டருக்கு இருக்கு, சொல்லுங்க?"

பெஞ்சில் ஒருவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"எப்ப இருந்து இப்படிப் பண்றீங்க?"

"மழைக்காலம் ஆரம்பிச்சதுல இருந்து."

மழைக்காலத்துக்கு முன் அவருடைய எண் மாதந்தோறும் ஏறிக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவிருந்தது. பிறகு ஒரு நாள் சட்டென்று இறங்கியதும், அதைப் பார்த்து மருத்துவர் அவருடைய அடுத்த படத்தைத் தள்ளிவைத்ததும் நினைவிருந்தன. அந்த அறிக்கைகளிலும் அவள் கையெழுத்துத்தான் இருந்தது.

"ஐயா, நம்பர் எறங்கல. நாங்க அளக்குற பொருள் அந்த மருந்து பட்டதும் செத்துப்போயிடும். செத்ததை அளந்து நல்லாருக்குன்னு சொல்லிட்டோம்."

"அப்ப என் கிட்னி?"

"தெரியல. இன்னைக்கே புதுசா குடுத்துட்டுப் போங்க. எதுவும் கலக்காம."

கதவருகே ஒரு பெண் உட்கார இடம் தேடி நின்றாள். சங்கத் தலைவர் அவளைப் பார்க்கவில்லை.

கல் பிரிவுத் தலைவரான மருத்துவரின் அறை இரண்டு மாடிகளுக்கு மேலே இருந்தது. மின்தூக்கிக்காகக் காத்திருக்காமல் அவள் படியேறினாள். தம்பியினுடைய உண்மையான எண் குறைவாகவே இருக்கலாம். பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்தில் ஆறிவிடுகிறது. அவனுக்கு மூன்று ஆகிவிட்டது. அறிக்கை போய்விட்டது, அதைத் திருப்பிக் கேட்க யாரும் அவளைப் பணிக்கவில்லை, தாள் சிவந்ததை அவளைத் தவிர எவரும் பார்க்கவில்லை. 'ஆறியிருக்கலாம்' என்பது அவள் நூற்றுக்கணக்கான முறை கேட்ட சொல். அதை எண்ணுக்குரிய கட்டத்தில் எழுத ஒருமுறையும் இடம் கொடுத்ததில்லை. முதல் மாடித் திருப்பத்தில் அவள் நின்றாள். மூச்சு வாங்கியது. மேலே ஏறினாள்.

மருத்துவர் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"மேடம், கையெழுத்து உங்களோடது. நீங்களே செல்லாதுன்னு சொல்றீங்க."

"ஆமா சார். மூணையும் திரும்ப வாங்கிக்கிறேன். தலைவரோட பழைய ரிப்போர்ட்டையும்."

"மூணுல ஒன்னு உங்க தம்பியோடது. நம்ம ஆஸ்பத்திரி விசாரணைக் கமிட்டியில முதல் கேள்வி அதுதான் வரும். தம்பி ரிப்போர்ட்ல அக்கா ஏன் கையெழுத்துப் போட்டாங்கன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். கேக்க வேண்டிய கேள்விதான்."

அவர் சிகிச்சைப் பட்டியலை விரலால் தட்டினார். "வியாழக்கிழமை முதல் ஆளே அவர்தான். புது சாம்பிள் வேணும். புதன் சாயங்காலத்துக்குள்ள எண் வந்தா பேசலாம். வரலைன்னா பேரை எடுத்துருவேன். எண்ணே தெரியாம ஒத்தைக் கிட்னியில கை வைக்க மாட்டேன்."

அன்று மாலை அவள் புதிய வெள்ளை மூடிப் புட்டியுடன் தம்பியின் வீட்டுக்குப் போனாள். அடுக்கு மாடியின் நான்காம் தளம். கூடமும் சாப்பாட்டறையும் ஒன்றே. தம்பி மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி தொலைக்காட்சியின் ஒலியை மட்டும் நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் புட்டியை மேசைமேல் வைத்தாள்.

"அண்ணி, சாப்பிடுற மேசை," என்றாள் தம்பி மனைவி.

"காலி பாட்டில்தாம்மா."

"காலியாவேதான் இருக்கப்போகுது," என்றான் தம்பி. "நான் குடுக்க மாட்டேன்."

"ஒரு மனுஷி வீடு தேடி வந்து சிறுநீர் கேக்குறேன்டா. வேற எந்த வீட்டுலயாவது போய் நான் இப்படிக் கேக்க முடியுமா?"

"எனக்கு வரல."

"தண்ணி குடி."

"தாகமில்ல." அவன் திரும்பினான். "நேத்து வரைக்கும் நான் நல்லவன். நீ ஒரு காகிதத்தை முக்கி எடுத்ததும் நோயாளி ஆயிட்டேன். ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்கு? நார்மல். அடியில யார் கையெழுத்து? உன்னுது. அதோட விடு."

"அது உன் கிட்னியோட எண் இல்லடா. அந்த அமிலத்தோட எண்."

"என்னதா இருந்தா என்ன? வியாழக்கிழமை அடிப்பாங்க. வெள்ளிக்கிழமை சர்டிபிகேட். திங்கக்கிழமை நான் மேல."

"தெரிஞ்சுதான் ஊத்துனியா?"

ஒலியில்லாத தொலைக்காட்சியில் ஒருவர் எதையோ விற்றுக்கொண்டிருந்தார்.

"தெரியும்னும் சொல்ல முடியாது, தெரியாதுன்னும் சொல்ல முடியாது. தலைவர் நாத்தத்துக்குன்னுதான் ஆரம்பிச்சாரு. நம்பரும் எறங்கும்னாரு. அப்ப எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. உனக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். கேட்டா நீ சொல்லிடுவேன்னுதான் கேக்கல."

தம்பி மனைவியின் கையில் இருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது.

"கீழ வேலைக்குப் போட்டா என்னடா? வேலை போயிடாதே. சம்பளமும் பெருசா குறையாதுன்னு நீதான் சொன்ன."

"கீழ என்ன வேலைன்னு தெரியுமா உனக்கு? பெட்டி மேல இருக்கிற நம்பரைப் பாத்துப் பாத்து எழுதணும். மழையில குடை, வெயில்ல தொப்பி. மேல இருக்கிறவன் என்னைப் பாத்து ஹாரன் அடிப்பான். ஏய் பெருசு, ஓரம் போன்னு. பதினாலு வருஷம் நான் அடிச்ச ஹாரனை எல்லாம் மொத்தமா திருப்பி அடிப்பானுங்க." அவன் தன் வலது மணிக்கட்டை உயர்த்திக் காட்டினான். "மேல உக்காந்தா நாப்பது டன் இது சொல்றதைக் கேக்கும். கீழ என் பேச்சை எது கேக்கும்? இவளே கேக்க மாட்டா."

"நீங்க மேல இருக்கிறப்பதான் வீடு நிம்மதியா இருக்கு. அது உண்மைதான்," என்றாள் தம்பி மனைவி. அவள் குரலில் கேலி வழக்கமான இடத்தில்தான் தொடங்கியது. ஆனால் அங்கே நிற்கவில்லை. "நானும் ஒன்னு கேக்குறேன். இருக்கிறது ஒன்னு. அதுவும் போச்சுன்னா? டயாலிசிஸ் மெஷினைக் கிரேன்ல கட்டித் தூக்கிட்டுப் போவீங்களா மேல?"

"நீ யார் பக்கம்?"

"கிட்னி பக்கம்."

அவன் எழுந்து உள்ளே போனான். கதவு அறைந்து சாத்தப்படவில்லை, மெதுவாகச் சாத்தப்பட்டது. அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அக்காவுக்குப் பட்டது. அவள் புட்டியை எடுத்துக் கழுவுதொட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

வாசல் வரை வந்த தம்பி மனைவி குரலைத் தாழ்த்தினாள். "பக்கத்து வீட்டுல எல்லாம் சொல்லிட்டேன் அண்ணி. நல்லாயிடுச்சுன்னு. இப்ப என்ன சொல்றது?"

"இன்னும் பாக்குறாங்கன்னு சொல்லும்மா. அதுதான் உண்மை."

"நீங்க நேத்து போன் பண்ணாமலே இருந்திருக்கலாம்," என்றாள். குற்றம் சாட்டும் குரலில் அன்று, கணக்குக் கேட்பதுபோல.

அக்கா படியிறங்கினாள்.

புதன்கிழமை காலை ஆய்வகக் கதவு திறக்கும் நேரத்தில் தம்பி வெளியே நின்றிருந்தான். சவரம் செய்திருக்கவில்லை. புட்டி சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது.

"வீட்டுலயே புடிச்சுக் கொண்டாந்தா நீ நம்ப மாட்ட. இங்கயே தரேன். டாய்லெட் எங்க?"

"இடது பக்கம்."

"ஒரு நிபந்தனை. எண் நல்லா வந்தா, அந்த அமிலக் கதையை மறுபடி எடுக்கக் கூடாது. நாளைக்கு என்னைப் படுக்க வச்சு அடிச்சுடணும்."

"எண் நல்லா வந்தா நானே டாக்டர்கிட்ட சொல்றேன்."

"இன்னொன்னு. நான் கூட நின்னு பாப்பேன்."

நோயாளிகளை உள்ளே விடும் வழக்கம் இல்லை. அவள் அவனுக்கு ஒரு மேலங்கியைக் கொடுத்து, கண்ணாடித் தடுப்பின் அருகே நிறுத்தினாள். அளக்கும் பொறுப்பைச் சக வேதியியலாளரிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். புட்டி வந்ததும் முதல் வேலையாகச் சோதனைத்தாள் நனைந்தது. இம்முறை அது சிவக்கவில்லை.

மூன்று குழாய்கள். ஒன்றில் சிறுநீர் இல்லை. ஒன்றில் நலமாக உள்ள ஒருவரின் சிறுநீர். ஒன்றில் தம்பியினுடையது. மூன்றிலும் நிறமற்ற அதே திரவத்தை ஊற்றி, வேதியியலாளர் அவற்றை வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தினார்.

"கொதிக்குமா?" என்றான் தம்பி.

"இல்ல. உடம்புச் சூடுதான்."

"அப்ப இன்னும் எனக்குள்ளயே இருக்கோம்னு நினைச்சுக்கும்."

"அதுக்குத்தான் அந்தச் சூடு. நொதி இருந்தா தன் வேலையைச் செய்யும். கடைசியில ஒரு காரம் சேப்பாங்க. எவ்வளவு வேலை செஞ்சிருக்கோ அவ்வளவு மஞ்சளா வரும்."

"எப்படி வந்தா நல்லது?"

"வெளுப்பா வந்தா."

அவன் தலையாட்டினான். கிரேன் ஓட்டுபவனுக்குக் காத்திருக்கத் தெரியும். ஆடும் பெட்டி நிற்கும்வரை கையை அசைக்காமல் இருப்பது அந்தத் தொழிலின் பாதி. அவன் கைகள் மேலங்கியின் பைகளுக்குள் அசையாமல் இருந்தன. அக்காவின் கைகள்தான் பின்னால் ஒன்றையொன்று பிசைந்தன.

வேதியியலாளர் குழாய்களை எடுத்துத் தாங்கியில் வைத்தார். முதல் குழாயில் காரத்தை விட்டார். நிறம் மாறவில்லை. இரண்டாவதில் விட்டார். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைப்போல ஒரு சாயல் தோன்றியது.

மூன்றாவதில் விட்ட துளி அடிக்குச் செல்வதற்குள்ளேயே மஞ்சள் கிளம்பிவிட்டது. குலுக்கியதும் குழாய் முழுவதும் பரவியது. தூரத்திலிருந்து பார்த்தாலும் எந்தக் குழாய் வேறு என்று சொல்லிவிடலாம்.

தம்பி கண்ணாடித் தடுப்பை நெருங்கிக் குனிந்தான்.

"அது என்னுதா?"

"உன்னுதுதான்."

"மெஷின் என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

"மெஷினும் இந்த நிறத்தைத்தான்டா படிக்கும்."

படித்தது. நலமானவர்களுக்குரிய உச்சவரம்பைப்போல மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. சிறுநீர் அடர்த்தியாக இருந்ததால் எண் ஏறியிருக்குமோ என்று, அடர்த்திக்கான கணக்கையும் போட்டுப் பார்த்தார்கள். அதன்பிறகு வந்த எண்தான் அது. வேதியியலாளர் கேட்காமலே எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை செய்தார். மறுபடியும் மஞ்சள். அறிக்கையில் அவர் கையெழுத்திட்டார், பொறுப்பாளர் கையெழுத்திடவில்லை.

தம்பி மேலங்கியைக் கழற்றி மடித்து, நாற்காலியின் முதுகில் போட்டான்.

"நேத்து அந்தக் காகிதத்தை நீ முக்காம இருந்திருந்தா," என்று தொடங்கினான். முடிக்கவில்லை.

பிற்பகலில் மருத்துவர் இருவரையும் ஒன்றாகவே அழைத்தார். அவர் அறிக்கையைப் படித்துவிட்டுத் தம்பியை மட்டும் பார்த்துப் பேசினார்.

"நாளைக்கு அடிச்சா அந்தத் துண்டு உடையும். அதுல எனக்கு சந்தேகம் இல்ல. கிட்னி எப்படித் தாங்கும்னு சொல்ல முடியல. மூணு வாரம் ஆகியும் காயம் ஆறல, அது மட்டும் தெரியுது. ரெண்டு கிட்னி இருக்கிறவரா இருந்தா யோசிக்காம அடிச்சிருப்பேன்."

"உங்க ரூல்படி அடிக்க மாட்டீங்க."

"அது நான் வச்ச ரூல். சட்டம் இல்ல. பொழைப்பு போகுதுன்னு வந்த ரெண்டு பேருக்கு மீறியிருக்கேன். ஒருத்தர் நல்லாருக்கார். இன்னொருத்தர் டயாலிசிஸ்ல இருக்கார். அது நான் அடிச்சதாலயா, அவரோட சர்க்கரையாலயான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி உங்ககிட்ட பேச மாட்டேன்."

"தள்ளி வச்சா எப்ப எறங்கும் டாக்டர்?"

"ஒரு மாசம் ஆகலாம். ரெண்டு மாசம் ஆகலாம். எறங்காமயும் போகலாம், அப்படின்னா வேற வழி பாக்கணும்."

அவர் ஒரு தாளை எடுத்து மேசையின் குறுக்கே நகர்த்தினார். அதில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. முதலாவது: எச்சரிக்கையை அறிந்தே நாளைய சிகிச்சையைக் கோருகிறேன். இரண்டாவது: சிகிச்சையை ஒத்திவைக்க இசைகிறேன்.

"வேண்டாத வரியைக் கோடு போட்டு நீக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க. வெளிய நர்ஸ்கிட்ட குடுத்தா போதும். இங்கயே போடணும்னு இல்ல."

தம்பி தாளை எடுத்துக்கொண்டு நடைக்கூடத்துக்கு வந்தான். அக்கா சற்றுப் பின்னால் வந்தாள். பெஞ்சின் கோடியில் சங்கத் தலைவர் உட்கார்ந்திருந்தார். காலையில் அவருடைய முடிவும் வந்திருந்தது. அவர் தாமாகவே நகர்ந்து இடம் விட்டார்.

"தம்பி, எனக்கும் ஏறித்தான் இருக்காம். நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம உங்களையும் கெடுத்து..."

"நீங்க என்ன பண்ணுவீங்க தலைவரே. மூடி என் கையிலதானே இருந்துச்சு."

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். தம்பி தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தான். துறைமுகத்தின் கிரேன் மேற்பார்வையாளரிடம் பேசுகிறான் என்பது முதல் சொல்லிலேயே தெரிந்தது. அவன் குரல் வேலைக் குரலாக மாறியிருந்தது.

"சார், நான்தான். வெள்ளிக்கிழமை குழுவுக்கு நான் வரல... இல்ல சார், வலி எல்லாம் இல்ல... ஆமா, கீழதான். தெரியும் சார். தெரிஞ்சுதான் சொல்றேன்... ஏத்துங்க, அவனையே ஏத்துங்க. ஆனா ஒன்னு, காத்து வந்தா அவனுக்குப் பெட்டியை ஆடாம நிறுத்தத் தெரியாது. அவசரப்படுவான். பக்கத்துல ஒரு ஆளை உக்கார வச்சு ரெண்டு நாள் சொல்லிக் குடுங்க... நானா? நான் எப்படி சார் மேல வர்றது."

பேசி முடித்த பிறகும் தொலைபேசியைக் கையில் வைத்திருந்தான். பிறகு பேனாவைத் திறந்து, தாளில் ஒரு கோடு இழுத்தான். கோடு நேராக விழுந்தது. கையெழுத்திட்டான்.

அக்கா அருகில் வந்து கையை நீட்டினாள்.

அவன் நீட்டிய கையைப் பார்த்தான். "உங்கிட்ட வேணாம். உன் கையில குடுத்தா, செல்லாதுன்னு நாளைக்குத் திரும்ப வாங்குவ."

அது கேலியா என்று அவளுக்கு விளங்கவில்லை. அவன் முகத்தில் தேடினாள், அங்கேயும் எழுதியிருக்கவில்லை. கையை மேலங்கியின் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

அவன் அவளைக் கடந்து செவிலியர் இருந்த சன்னலுக்குப் போனான். செவிலியர் தாளை அவன் கையில் இருக்கும்போதே எட்டிப் படித்தார்.

"முதல் வரியை நீக்கியிருக்கீங்க. சரிதானே?"

"சரிதான்," என்று சொல்லித் தாளைக் கொடுத்தான்.